சத்தத்தைக் குறைத்த சின்னக் கல்: ஜான் மெக்காடம் கதை



பக்கத்தில் சிவில் படிக்கிற நண்பர் யாராவது இருந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. ஹைவே இன்ஜினியரிங் பாடத்தில் வாட்டர் பவுண்ட் மெக்காடம், பிட்டுமினஸ் மெக்காடம், டென்ஸ் பிட்டுமினஸ் மெக்காடம் என்று வரிசையாக வருகிறதே, அந்த மெக்காடம் என்றால் என்ன? ஏதோ ஒரு வகை ஜல்லி என்றோ, ஒரு கெமிக்கல் என்றோ நினைத்துக்கொண்டே பரீட்சை எழுதி பாஸ் ஆனவங்க நிறைய பேர் இருப்பாங்க. அது ஒரு மனிதரோட பெயர். ஜான் லவுடன் மெக்காடம். அவர் எந்த இன்ஜினியரிங் கல்லூரியிலும் படித்தவர் இல்லை. உலகம் அவரை நினைவில் வைத்திருக்கும் வேலையை அவர் கையில் எடுத்தபோது வயது கிட்டத்தட்ட 60. அரியர் இருக்கே, வாழ்க்கையே முடிஞ்சு போச்சே என்று உட்கார்ந்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

மெக்காடம் 1756-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ஏர் என்ற ஊரில் பிறந்தார். 1770-இல் அப்பா இறந்துபோக, 14 வயதுப் பையன் கப்பல் ஏறி நியூயார்க்கில் வியாபாரம் செய்துகொண்டிருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனான். கணக்கு எழுதுவதில் தொடங்கி வியாபாரத்தைக் கற்றுக்கொண்டு, நல்ல காசும் பார்த்தார். அங்கேயே கல்யாணமும் நடந்தது. அப்போதுதான் அமெரிக்க விடுதலைப் போர் வந்தது. மெக்காடம் ஆங்கில அரசின் பக்கம் நின்றவர். போரில் அந்தப் பக்கம் தோற்றது. 1783-இல் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு, குடும்பத்தோடு ஸ்காட்லாந்துக்கே திரும்பினார்.

ஏர் பகுதியில் ஒரு பண்ணை நிலம் வாங்கிக் குடியேறினார். அந்தக் காலத்து வழக்கப்படி ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்த ஒரு அறக்குழுதான் சுங்கச் சாலைகளைப் பார்த்துக்கொள்ளும். நம்ம டோல்கேட் மாதிரிதான்: வண்டிக்காரர்களிடம் காசு வாங்கி, அதில் ரோட்டைச் சரிசெய்ய வேண்டும். மெக்காடமும் அந்தக் குழுவில் ஒருவரானார். காசு வசூலாகிறது, ரோடு மட்டும் சேறாகவே இருக்கிறது. ஏன் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அது அவரை விடவே இல்லை.

இதே காலத்தில் அவர் செய்த இன்னொரு தொழிலையும் சொல்லிவிடுகிறேன், கடைசியில் தேவைப்படும். நிலக்கரியிலிருந்து தார் எடுக்கும் சூளைகளை அவர் நடத்தினார். அந்தத் தார் கப்பலின் அடிப்பகுதியில் பூசுவதற்காக. கப்பல்களுக்குச் செம்புத் தகடு அடிக்கும் பழக்கம் வந்ததும் தார் வியாபாரம் படுத்தது.

1798-இல் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள ஃபால்மவுத் துறைமுகத்தில் கடற்படைக்கு உணவுப் பொருள் சேர்க்கும் வேலைக்குப் போனார். பிறகு பிரிஸ்டலுக்கு வந்தார். இந்த வருஷங்களில் அவர் செய்ததைப் பாருங்க. சொந்தச் செலவில், யாரும் கேட்காமல், பிரிட்டன் முழுக்க ரோடு பார்க்கக் கிளம்பிவிட்டார். 30,000 மைல்களுக்கு மேல் பயணம் செய்ததாகக் கணக்கு. குதிரையிலும் வண்டியிலும்! எந்த ரோடு ஏன் கெட்டுப்போகிறது, எது ஏன் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இன்றைக்கு இதை ஃபீல்டு ஸ்டடி என்போம். அன்றைக்கு வேலை இல்லாத கிழவர் என்று சொல்லியிருப்பார்கள்.

1816-இல் பிரிஸ்டல் சுங்கச் சாலைகளைப் பார்க்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அந்த நேரத்தில் நல்ல ரோடு என்றால் அடியில் பெரிய பெரிய கல்லாக அடுக்க வேண்டும் என்பதுதான் பொது நம்பிக்கை. தாமஸ் டெல்ஃபோர்ட் என்ற பெரிய இன்ஜினியரே அடியில் கல் அடித்தளம் போட்டுத்தான் ரோடு போட்டார். ரோடு தாங்கும், ஆனால் செலவு அதிகம்.

மெக்காடம் இதைத் தலைகீழாகப் பார்த்தார். வண்டியின் பாரத்தைக் கடைசியில் தாங்கப்போவது அடியில் இருக்கும் மண்தான். மண் காய்ந்திருந்தால் எவ்வளவு பாரத்தையும் தாங்கும், நனைந்தால் எதையும் தாங்காது. அப்படியென்றால் ரோட்டின் முக்கியமான வேலை மண்ணுக்குக் கூரையாக இருப்பது. இந்த ஒரு வரி யோசனையிலிருந்து மற்றதெல்லாம் வந்தது. ரோட்டைச் சுற்றியுள்ள தரையைவிட உயரமாக வை. இரண்டு பக்கமும் வாய்க்கால் வெட்டு. 30 அடி அகல ரோட்டுக்கு நடுவில் 3 அங்குலம் உயர்த்தினால் போதும், தண்ணீர் ஓடிவிடும். மேலே சுமார் 10 அங்குலத்துக்கு உடைத்த கல்லை மட்டும் கொட்டு. மண்ணைக் கலக்காதே. கல்லின் கூரான முனைகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும், வண்டிகள் ஓட ஓடத் தானாக இறுகும். நீராவி ரோடு ரோலர் எல்லாம் அவருக்குப் பிறகு வந்தது.

கல் எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும் என்பதில்தான் மனிதர் ரொம்பக் கறார். ஒரு கல் 6 அவுன்ஸ், அதாவது சுமார் 170 கிராமுக்கு மேல் போகக் கூடாது. சக்கரத்தின் இரும்புப் பட்டையைவிடக் கல் சின்னதாக இருந்தால்தான் சக்கரம் கல்லைப் பெயர்த்துத் தள்ளாது என்பது அவர் கணக்கு. கல் உடைக்கிறவர்கள் உட்கார்ந்துகொண்டு சின்னச் சுத்தியலால் உடைத்தார்கள். அதனால் வயதானவர்கள், பெண்கள், சிறுவர்கள் கூட இந்த வேலைக்கு வந்தார்கள். ஏழைகளுக்கு வேலை கிடைத்தது என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னார்கள். சிறுவர்கள் நாள் முழுக்கக் கல் உடைத்ததை நாம் இன்றைக்கு அப்படிப் பார்க்க முடியாது.

பிரிஸ்டல் ரோடுகள் சரியானதும் பேர் பரவியது. 1819-இல் தன் முறையைப் புத்தகமாக எழுதினார். நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. நிறைய சுங்கச் சாலைகளுக்கு ஆலோசகராகப் போனார்கள், அவரும் அவர் மகன்களும். குடும்பமே ரோடுகளைப் பிடித்துக்கொண்டது என்று பொறாமைப் பேச்சும் வந்தது. கைக்காசு போட்டதற்கு நாடாளுமன்றம் பின்னாளில் பணம் கொடுத்தது. 1827-இல் லண்டன் பெருநகரச் சாலைகளின் தலைமைப் பொறுப்பு.

இப்போது தலைப்புக்கு வருவோம். சத்தம்.

அன்றைய லண்டன் தெருக்களில் கருங்கல் பாவியிருந்தது. அதன் மேல் குதிரைக் குளம்பு, இரும்புப் பட்டை அடித்த சக்கரம், நூற்றுக்கணக்கில் வண்டிகள். தெருவை ஒட்டிய வீட்டில் இருப்பவர் நிலைமையை யோசித்துப் பாருங்க. வசதியான வீட்டில் யாராவது உடம்பு முடியாமல் படுத்தால், வாசலுக்கு முன்னால் தெருவில் வைக்கோலைப் பரப்பிவிடுவார்கள், சக்கரச் சத்தம் அடங்கட்டும் என்று. வைக்கோல் வாங்கக் காசில்லாத நோயாளி சத்தத்தோடுதான் கிடக்க வேண்டும்.

1820-களில் லண்டனின் சில தெருக்களில் பாவுகல்லைப் பெயர்த்துவிட்டு மெக்காடம் முறையில் உடைகல் போட்டார்கள். சத்தம் சட்டென்று குறைந்தது. சக்கரம் கல்லிலிருந்து கல்லுக்குக் குதிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். ஆனால் வெயில் காலத்தில் தூசி, மழைக் காலத்தில் சேறு. கடைக்காரர்கள் சரக்கெல்லாம் தூசி என்று புலம்பினார்கள். போக்குவரத்து அதிகமான தெருவில் கல் சீக்கிரம் அரைபட்டு, அடிக்கடி சரிசெய்யச் செலவும் ஆனது. கொஞ்ச வருஷங்கள் கழித்து, சத்தம் குறையட்டும் என்று மரக்கட்டைகளைப் பாவிக்கூடப் பார்த்தார்கள். அமைதி வேண்டுமா, சுத்தம் வேண்டுமா, நீண்ட நாள் உழைக்க வேண்டுமா என்ற இழுபறி அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

மெக்காடமுக்கு அரசு சர் பட்டம் கொடுக்க முன்வந்தது. வயதாகிவிட்டது என்று மறுத்துவிட்டார். அந்தப் பட்டம் அவர் மகன் ஜேம்ஸுக்கு 1834-இல் போனது. 1836 நவம்பரில், ஸ்காட்லாந்துக்குப் போய்த் திரும்பும் வழியில், மாஃபட் என்ற ஊரில் இறந்தார். வயது 80. கடைசிப் பயணமும் ரோட்டில்தான்.

அவர் நடத்திய தார் சூளை நினைவிருக்கிறதா? ஒரு கையில் தார், இன்னொரு கையில் ஜல்லி வைத்திருந்த அந்த மனிதர் இரண்டையும் ரோட்டில் சேர்க்கவே இல்லை. மோட்டார் கார் வந்து தூசித் தொல்லை தாங்க முடியாமல் போன பிறகுதான் அது நடந்தது. 1901-இல் எட்கர் பர்னெல் ஹூலி என்பவர், கொட்டிப்போன தார் மேல் உலைக்கசடு போட்ட இடத்தில் மட்டும் ரோடு தூசியில்லாமல் வழவழப்பாக இருப்பதைக் கவனித்தார். அடுத்த வருஷமே காப்புரிமை. அதற்கு அவர் வைத்த பெயர் டார்மாக். தாரும் மெக்காடமும் சேர்ந்த பெயர்.

இன்றைக்குக் கார் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டால், இன்ஜினைவிட டயரும் ரோடும் உரசுகிற சத்தம்தான் அதிகம். டயரின் ஒவ்வொரு கட்டையும் ரோட்டில் அறைகிறது. டயர் வரிகளுக்குள் சிக்கிய காற்று நசுங்கிப் பீறிட்டு வெளியே வருகிறது. ரோட்டிலேயே துளைகள் இருந்தால் காற்று அதன் வழியாக நழுவிவிடும், சத்தத்தில் ஒரு பங்கையும் அந்தத் துளைகள் விழுங்கிவிடும். நெதர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் பெரும்பகுதி இப்படித் துளையுள்ள தார்ச்சாலைதான். சுமார் 20 சதவீதம் வெற்றிடம். சாதாரணத் தார் ரோட்டைவிடச் சுமார் 3 டெசிபல் குறையும். சின்ன நம்பராகத் தெரியும். ஆனால் ரோட்டில் ஓடும் வண்டிகளில் பாதியை எடுத்துவிட்டால் எவ்வளவு குறையுமோ அவ்வளவு இது. வீடுகள் நெருக்கமான இடங்களில் இரண்டு அடுக்காகப் போடுகிறார்கள்: கீழே பெரிய ஜல்லி, மேலே 4 முதல் 8 மில்லிமீட்டர் பொடி ஜல்லி. மேலே வரும் கல் சின்னதாக இருக்க வேண்டும் என்று தராசு வைத்துப் பார்த்தவர் ஞாபகம் வருதா?

இன்னொன்றும் கவனிங்க. இந்த ரோடு மழைநீரை உள்ளே விடுகிறது. மெக்காடம் பார்த்தால் கோபப்படுவார் என்று தோன்றும். கோபப்பட மாட்டார். கீழே தண்ணீர் இறங்காத ஒரு அடுக்கு இருக்கிறது, தண்ணீர் அதன் மேலே ஓடி ஓரத்துக்குப் போய்விடும். அடி மண் காய்ந்தே இருக்கும். அவர் கேட்டதும் அதைத்தானே?

குறைகளும் உண்டு. துளையுள்ள ரோட்டில் ஜல்லி சீக்கிரம் பெயரும். வண்டிகள் மெதுவாகப் போகிற தெருவில் அழுக்கு துளைகளை அடைத்துவிடும். வேகமாக ஓடும் ரோட்டில்தான் மழையில் டயரே உறிஞ்சிச் சுத்தம் செய்யும். ஹார்ன் சத்தத்துக்கு எந்த ஜல்லியும் மருந்து கிடையாது.

மெக்காடம் காதுகளுக்காக ரோடு போடவில்லை, சக்கரத்துக்காகப் போட்டார். அமைதி அதோடு தற்செயலாக வந்தது. நாளைக்கு உங்களில் சிலர் ரோடு டிசைன் பண்ணப்போறீங்க. பாரம், தடிமன், செலவு என்று எல்லா நம்பரும் ஷீட்டில் இருக்கும். ரோட்டை ஒட்டின வீட்டில் ராத்திரி தூங்க முயற்சி பண்ணுகிறவர் அந்த ஷீட்டில் இருக்க மாட்டார். அவருக்கும் ஒரு வரி சேர்த்துக்கோங்க.