மணலில் எழுதிப் பழகிய ஆசிரியர்

நீங்கள் முதன்முதலில் எழுதப் பழகியபோது, அரிசியிலோ மணலிலோ விரலால் 'அ' எழுதியிருப்பீர்கள். ஆனால், 24 வயதில் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் தமிழ் எழுதப் பழகிய வெளிநாட்டவர் ஒருவரைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? அவர்தான் பார்த்தலோமேயு சீகன்பால்க்.

ஜெர்மனியில் உள்ள புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் 1682ல் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். அடிக்கடி நோயில் விழும் உடல்வாகு. ஹாலே நகரில் படித்தபோது, பிராங்கே என்ற பேராசிரியர் ஏழைக் குழந்தைகளுக்காக நடத்திய பள்ளியையும் அநாதை இல்லத்தையும் கண்டார். இறைப்பற்று என்பது வாயால் சொல்வது மட்டுமல்ல, வாழ்ந்து காட்டுவது என்ற எண்ணம் அவர் மனதில் பதிந்தது.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக், கிறிஸ்தவ சமயத்தைப் போதிக்க அவரையும் புளுட்சாவ் என்ற நண்பரையும் அனுப்பினார். ஏழு மாதத்துக்கும் மேலான கடல் பயணம்! 1706 ஜூலை 9ம் தேதி, இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள தரங்கம்பாடியில் கரை இறங்கினர். அப்போது அந்த ஊர் டென்மார்க் நாட்டினர் வசம் இருந்தது.

வந்ததும் ஒரு சிக்கல். மக்கள் பேசியது தமிழ். அவருக்கோ ஓர் எழுத்தும் தெரியாது. புரியாத மொழியில் போதித்தால் அது மனதில் இறங்குமா? எனவே, முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை, மாணவர்களுடன் தம் வீட்டுக்கே வரவழைத்தார். பிள்ளைகளோடு பிள்ளையாக அமர்ந்து படித்தார். பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, ஒவ்வொன்றாகப் படித்தார். சந்தேகம் வந்தால் தமிழ் அறிஞர்களைக் கேட்டார்.

அடுத்து, அவரே பள்ளி தொடங்கினார். 1707ல் பெண் குழந்தைகளுக்கும் ஒரு பள்ளி! சிறுமியர் பள்ளிக்குச் செல்வது மிக அரிதாக இருந்த காலம் அது. பாடங்களை ஒப்பித்தால் மட்டும் போதாது. கேள்வி கேட்டு, புரிந்ததா என்று பார்த்தார். வேதத்தை ஒவ்வொருவரும் தாமே படித்து அறிய வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கு முதலில் எழுத்தறிவு வேண்டும் அல்லவா?

படிக்கப் புத்தகமும் வேண்டுமே! 1708ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே சோதனை வந்தது. டென்மார்க் ஆளுநருடன் ஏற்பட்ட மோதலால், சுமார் நான்கு மாதம் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார், 1711ல் முடித்தார்.

1713ல் ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகவில்லை. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். 1715ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வெளிவந்தது.

இந்த மண்ணின் மக்கள் வணங்கும் தெய்வங்களைப் பற்றியும் விரிவாக ஒரு நூல் எழுதினார். அதை அச்சிட ஹாலேயில் இருந்தவர்கள் விரும்பவில்லை. அவர் இறந்து சுமார் 150 ஆண்டுகளுக்குப் பின், 1867ல்தான் அது அச்சேறியது. இன்றும் ஆய்வாளர்கள் அதைப் படிக்கின்றனர்.

1718ல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். அடுத்த ஆண்டு, 1719 பிப்ரவரி 23ம் தேதி காலமானார். வயது 36தான். அந்த ஆலயத்திலேயே அவரது கல்லறை உள்ளது.

செல்வங்களே! சீடர் என்றால் மாணவர் என்று பொருள். மற்றவர்களைச் சீடராக்க வந்தவர், முதலில் தாமே ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியருக்குச் சீடரானார். எனக்குத் தெரியாது, சொல்லிக் கொடுங்கள் என்று கேட்க அவர் வெட்கப்படவில்லை. நாளை வகுப்பில் ஒரு பாடம் புரியாவிட்டால், நீங்களும் தயங்காமல் எழுந்து கேளுங்கள். கேட்பவர்தான் கற்பார், கற்றவர்தான் கற்பிக்க முடியும்!