கப்பல் தெரியும்... தறி தெரியுமா? வ.உ.சி.யின் இன்னொரு சுதேசிப் போராட்டம்

வ.உ.சி. என்றதும் கப்பல்தான் ஞாபகத்துக்கு வரும். தூத்துக்குடி துறைமுகத்துக்கே அவர் பெயர்தான். ஆனா, அதே காலத்தில் அவர் நெசவுச் சாலையும் கடையும் தொடங்கினார் என்பது பலருக்குத் தெரியாது.

யார் இந்த வ.உ.சி.?

1872 செப்டம்பர் 5-ம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. அப்பாவைப் போலவே வக்கீல். 1900-ல் தூத்துக்குடிக்குக் குடிவந்தார். 1905-ல் வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் அவரையும் இழுத்துக்கொண்டது.

துணியில் என்ன அரசியல்?

முத்துக்குளிப்புக்குப் பெயர்போன இந்தக் கரையிலிருந்து அப்போது முக்கியமாகக் கப்பலேறியது கரிசல் காட்டுப் பருத்தி. பஞ்சு நம்முடையது, கடையில் விற்ற துணியோ இங்கிலாந்து ஆலைத் துணி. இதை மாற்றத்தான் தர்மசங்க நெசவுச் சாலை, தேசியப் பண்டகசாலை எல்லாம் தொடங்கினார். வீட்டில் புழங்கும் பொருளை நாமே செய்யணும், நாமே விற்கணும் என்பதுதான் கணக்கு.

குடை கொடுத்துப் போட்டி!

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய். 1907-ல் காலியா, லாவோ என இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடி - கொழும்பு கட்டணத்தை வெள்ளையர் கம்பெனி ஒரு ரூபாயாகக் குறைக்க, வ.உ.சி. எட்டணா ஆக்கினார். கடைசியில் இலவசப் பயணத்தோடு ஒரு குடையும் தர அந்தக் கம்பெனி முன்வந்ததாகச் சொல்வாங்க.

கோரல் மில் முதல் செக்கு வரை

1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி. துணை நின்றார். கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. அடுத்த மாதமே அவர் கைதானார். மொத்தம் 40 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில் 6 ஆண்டானது. கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். அவர் உள்ளே இருக்கும்போதே, 1911-ல், கம்பெனி கலைக்கப்பட்டது.

பின்லாந்தில் நடந்தது என்ன?

அதே காலத்தில் ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த பின்லாந்திலும் கலைஞர்கள் துணி, நாற்காலி வழியாகத்தான் தங்கள் நாட்டுக்கு ஓர் அடையாளம் தேடினார்கள். 1917-ல் விடுதலை கிடைத்தது. 1936-ல் ஆல்வார் ஆல்ட்டோ வடிவமைத்த கண்ணாடிப் பூச்சாடி இன்றும் விற்பனையில் இருக்கு. 1951-ல் தொடங்கிய மாரிமெக்கோவின் பூப்போட்ட பருத்தித் துணி உலகம் முழுக்கப் போகுது. அங்கே அந்த முயற்சி வளர காலமும் ஆதரவும் கிடைத்தது. இங்கே இரண்டே வருஷத்தில் நடத்தியவரைச் சிறையில் அடைத்தார்கள்.

கடைசி நாட்கள்

1912 டிசம்பரில் வெளியே வந்தவருக்கு வக்கீல் உரிமம் இல்லை. சென்னையில் மளிகைக் கடை வைத்துப் பிழைத்தார். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி உரிமத்தைத் திரும்பப் பெற உதவியதால், மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். 1936 நவம்பர் 18-ம் தேதி தூத்துக்குடியில் காலமானார்.

துறைமுகத்துக்கு அவர் பெயர் வந்தது 2011-ல்தான். அடுத்த முறை அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போது, கப்பலோடு அவர் தொடங்கிய நெசவுச் சாலையையும் நினைச்சுக்கலாம்.