பாலிமர் சங்கிலிக்கு நுனி உண்டு என்று நிரூபித்தவர்: யார் இந்த ஹெர்மன் ஸ்டௌடிங்கர்?

மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவது நமக்குத் தெரிந்த சங்கதி. ஒரு செடியின் வேர், இன்னொன்றின் கிளை, இரண்டும் சேர்ந்து ஒரே மரம். வேதியியல் ஆய்வகங்களிலும் இன்று அதே மாதிரி ஒரு வேலை நடக்கிறது. அங்கே வேர்ப்பக்கம் இருப்பது தங்கம், சிலிக்கா, இரும்பு ஆக்சைடு போன்றவற்றின் நானோ துகள். மேலே ஒட்டுவது பாலிமர் சங்கிலி. இப்படிக் கிடைப்பதைக் கலப்பினப் பொருள் என்கிறார்கள். மருந்தை உடலுக்குள் கொண்டுபோவதில் இருந்து கார் டயர் வரை இதற்கு வேலை இருக்கிறது.

இந்த வித்தைக்கு அடிப்படையான ஒரு விஷயம் உண்டு. பாலிமர் என்பது ஒரே நீளமான மூலக்கூறு. அதற்கு நுனி உண்டு. நுனி இருந்தால்தானே பிடித்துக் கட்ட முடியும்? இன்றைக்குப் பள்ளிப் பாடமாகிவிட்ட இந்த உண்மையை 100 ஆண்டுகளுக்கு முன் சொன்னவரை, அன்றைய பெரிய வேதியியலாளர்களே நம்பவில்லை. அவர்தான் ஜெர்மானியரான ஹெர்மன் ஸ்டௌடிங்கர்.

தாவரவியல் படிக்கப் போனவர்

1881 மார்ச் 23 அன்று ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் பிறந்தார். அப்பா ஃபிரான்ஸ் ஸ்டௌடிங்கர் ஆசிரியர், தத்துவ அறிஞரும்கூட. மகனுக்குத் தாவரவியல் மீதுதான் ஆசை. செடி கொடிகளைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் வேதியியல் படிக்க வேண்டும் என்று ஆலோசனை சொன்னார்கள். படிக்கப் போனவர் அங்கேயே தங்கிவிட்டார்.

1903-ல் ஹாலே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அடுத்து ஸ்ட்ராஸ்பர்க் போனார். அங்கே 1905-ல் கீட்டீன் என்ற புதிய வேதிக் குடும்பத்தையே கண்டுபிடித்தார். 1912-ல், 31 வயதில், சூரிச்சில் உள்ள இ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ரிச்சர்ட் வில்ஷ்டேட்டர், 1915-ல் நோபல் வாங்கியவர். ஸ்டௌடிங்கரிடம் வேலை பார்த்த லியோபோல்ட் ருசிச்காவும் டாடியஸ் ரைக்ஸ்டைனும் பின்னாளில் தாங்களும் நோபல் வாங்கினார்கள். அதாவது, கரிம வேதியியலில் அவருக்கு எல்லாமே கைகூடி வந்த நேரம் அது. இந்த நிலையில்தான் யாரும் தொட விரும்பாத ஒரு துறைக்குள் கால் வைத்தார்.

பிசினுக்குள் என்ன இருக்கிறது?

ரப்பர், செல்லுலோஸ், பிசின். இவற்றை அன்றைய வேதியியலாளர்களுக்குப் பிடிக்காது. படிகமாக்கிச் சுத்தப்படுத்த முடியாது, கொதிக்க வைத்துப் பிரிக்கவும் முடியாது. கரைத்தால் கூழ் மாதிரி ஒரு திரவம் வரும், அவ்வளவுதான்.

இவை எப்படி உருவாகின்றன என்பதற்கு அப்போது எல்லோரும் ஒப்புக்கொண்ட விளக்கம் ஒன்று இருந்தது. சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒருவித பலவீனமான ஈர்ப்பால் கும்பலாகக் கூடி நிற்கின்றன. அந்தக் கும்பலைத்தான் நாம் ரப்பராகப் பார்க்கிறோம் என்பதே அது.

1920-ல் ஸ்டௌடிங்கர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கும்பல் எல்லாம் கிடையாது, இவை நீண்ட சங்கிலிகள் என்றார். சாதாரண மூலக்கூறில் ஓர் அணுவை இன்னொரு அணுவோடு கட்டும் அதே உறுதியான பிணைப்புதான் ரப்பரிலும் ஆயிரக்கணக்கான கண்ணிகளைக் கட்டியிருக்கிறது என்பது அவர் வாதம்.

சரி, எப்படி நிரூபிப்பது? அவர் யோசித்த வழி எளிமையானது. ரப்பரில் கும்பலைச் சேர்த்துப் பிடிப்பது இரட்டைப் பிணைப்புகளில் மிச்சமிருக்கும் ஈர்ப்பு என்றுதான் எதிரணி சொன்னது. அப்படியானால் ஹைட்ரஜனைச் சேர்த்து அந்த இரட்டைப் பிணைப்புகளை ஒழித்துவிட்டால் கும்பல் கலைய வேண்டும். சுலபமாக ஆவியாகும் எண்ணெய் கிடைக்க வேண்டும். 1922-ல் ஃபிரிட்ஷி என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து இதைச் செய்தார். கும்பல் கலையவில்லை. ஹைட்ரஜன் ஏற்றிய ரப்பரும் பழையபடி கூழாகவே கரைந்தது. அந்தக் கட்டுரையில்தான் மேக்ரோமாலிக்யூல், அதாவது பெருமூலக்கூறு, என்ற சொல் முதன்முதலாக வந்தது.

நண்பரே சொன்ன அறிவுரை

யாரும் மசியவில்லை. பின்னாளில் நோபல் பெற்ற ஹைன்ரிச் வீலாண்ட் அவருக்கு வேண்டியவர். இந்தப் பெருமூலக்கூறு யோசனையை விட்டுவிடும்படி அவரே அறிவுரை சொன்னார். மூலக்கூறு எடை 5,000-ஐத் தாண்டிய கரிமப் பொருள் எதுவும் கிடையாது. ரப்பரை ஒழுங்காகச் சுத்தம் செய்தால் அது படிகமாகி, சின்ன மூலக்கூறுதான் என்று தெரிந்துவிடும் என்பது அவர் கருத்து.

எக்ஸ்ரே ஆய்வாளர்கள் வேறொரு பக்கமிருந்து தாக்கினார்கள். செல்லுலோஸ் போன்றவற்றை எக்ஸ்ரே வழியாகப் பார்த்தால், திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டம் மிகச் சிறியதாக இருந்தது. அந்தக் கட்டத்துக்குள் அடங்காத மூலக்கூறு எப்படி இருக்க முடியும் என்று கேட்டார்கள். 1925-ல் சூரிச் வேதியியல் சங்கத்தில் அவர் பேசியபோது கூட்டம் சூடான வாக்குவாதத்தில் முடிந்தது. 1926 செப்டம்பரில் டூசல்டார்ஃப் நகரில் இன்னொரு கூட்டம். அங்கேயும் எதிரணிதான் பலம்.

நுனியை எண்ணினார்

1926-ல் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். இந்தக் காலத்தில் அவர் செய்த வேலைதான் இன்றைய ஒட்டுத் தொழில்நுட்பத்தோடு நேரடியாகத் தொடர்புடையது.

ரப்பர் ரொம்பச் சிக்கலான பொருள். அதனால் ஃபார்மால்டிஹைடில் இருந்து கிடைக்கும் எளிய பாலிமர் ஒன்றை மாதிரியாக எடுத்துக்கொண்டார். சங்கிலி உண்மை என்றால் அதற்கு இரண்டு நுனிகள் இருக்க வேண்டும். அந்த நுனிகளில் அடையாளமாக வேறொரு வேதித் தொகுதியை மாட்டி, அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் சங்கிலியின் நீளம் தெரிந்துவிடும். பத்து கண்ணிக்கு இரண்டு நுனியா, நூறு கண்ணிக்கு இரண்டு நுனியா என்ற கணக்குதான். சின்னச் சங்கிலி, கொஞ்சம் பெரியது, அதைவிடப் பெரியது என்று படிப்படியாகத் தயாரித்து அளந்தார். குணங்கள் சீராக மாறிக்கொண்டே போயின. எங்கேயும் திடீரென்று ஒரு கும்பல் முளைக்கவில்லை.

எக்ஸ்ரே ஆட்சேபத்துக்கும் இதே பொருளில் பதில் கிடைத்தது. அடிப்படைக் கட்டம் சின்னதுதான். ஆனா ஒரே சங்கிலி பல கட்டங்களை ஊடுருவிப் போகிறது.

கரைசல் எவ்வளவு பிசுபிசுப்பாக இருக்கிறது என்பதை வைத்தே சங்கிலியின் எடையைக் கணிக்கும் ஒரு விதியையும் அவர் உருவாக்கினார். ஸ்வீடனில் ஸ்வெட்பெர்க் உருவாக்கிய அதிவேகச் சுழற்சி இயந்திரமும், அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில் கரோதர்ஸ் செய்த பாலிமர் ஆய்வுகளும் பெருமூலக்கூறு பக்கமே சாட்சி சொன்னன. 1935-ல் கரோதர்ஸ் குழு நைலானை உருவாக்கியது. வாதம் முடிந்தது.

ஆய்வகத்துக்கு வெளியே வந்த ஆபத்து

ஆய்வகத்தில் ஜெயித்தவருக்கு வெளியே வேறு கணக்கு காத்திருந்தது. முதல் உலகப் போரின்போது சூரிச்சில் இருந்த ஸ்டௌடிங்கர், தொழில் வலிமையை ஒப்பிட்டுப் பார்த்து, ஜெர்மனி ஜெயிக்காது, சமாதானம் பேச வேண்டும் என்று எழுதியவர். விஷவாயுப் போரையும் வெளிப்படையாக எதிர்த்தார். அந்த ஆயுதத்தை முன்னின்று உருவாக்கிய ஃபிரிட்ஸ் ஹேபர் அவருடைய பழைய சக பேராசிரியர். நாட்டுக்குக் கெடுதல் செய்வதாக ஹேபர் அவரைச் சாடினார்.

1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபோது இந்தப் பழைய கோப்பு மறுபடி திறக்கப்பட்டது. திறக்கக் காரணமானவர் அப்போது ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தின் ரெக்டராக இருந்த உலகப் புகழ் தத்துவ அறிஞர் மார்ட்டின் ஹைடெகர். ஸ்டௌடிங்கரை வேலையைவிட்டு நீக்க வேண்டும் என்று 1934 பிப்ரவரியில் அவர் பரிந்துரைத்தார். ஸ்டௌடிங்கரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில் அதைச் செயல்படுத்தாமல் விட்டார்கள். வெளிநாடுகளில் அவருக்கு இருந்த பெயர்தான் வேலையைக் காப்பாற்றியது.

1940-ல் பெருமூலக்கூறு வேதியியலுக்கென்றே ஃபிரைபர்க்கில் ஓர் ஆய்வு நிறுவனம் அமைத்தார். 1944 நவம்பர் 27 அன்று நகரத்தின் மீது விழுந்த குண்டுகளில் அதுவும் பெருமளவு அழிந்தது. போருக்குப் பிறகு திரும்பவும் கட்டியெழுப்பினார். கூடவே நின்றவர் மனைவி மாக்டா. லாட்வியாவைச் சேர்ந்த தாவரவியலாளர். உயிர்களின் உடலும் பெருமூலக்கூறுகளால் ஆனதுதான் என்ற பார்வையை இருவரும் சேர்ந்து வளர்த்தார்கள். சின்ன வயதில் விட்டுப்போன தாவரவியல் இப்படித் திரும்பி வந்தது.

1953-ல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குத் தனியாகக் கொடுக்கப்பட்டது. முதல் கட்டுரை வந்து 33 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு வயது 72. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பு வெளியானதும் அதே ஆண்டுதான். 1965 செப்டம்பர் 8 அன்று ஃபிரைபர்க்கில் காலமானார்.

நானோ துகளுக்கு ஏன் பாலிமர்?

ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். சில பத்து நானோமீட்டர் அளவுள்ள துகள்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கட்டியாகிவிடும். தங்க நானோ துகள் மிதக்கும் நீர் சிவப்பாக இருக்கும். அதில் உப்பு போட்டால் துகள்கள் கூடி நீலமாக மாறிவிடும். கட்டியான பிறகு அது நானோ துகளே இல்லை.

துகளைச் சுற்றிப் பாலிமர் சங்கிலிகளை ஒட்டிவிட்டால், பிரஷ் முடி மாதிரி நீட்டிக்கொண்டு, பக்கத்துத் துகளை நெருங்க விடாது. இதற்கு இரண்டு வழிகள்.

முதல் வழியில் சங்கிலி தயாராகவே இருக்கும். அதன் நுனியில் ஒரு கொக்கி மாட்டித் துகளோடு இணைப்பார்கள். தங்கத்துக்கு என்றால் கந்தகம் உள்ள தொகுதிதான் கொக்கி. ஆனா முதலில் ஒட்டிய சங்கிலிகள் இடத்தை அடைத்துக்கொள்வதால், பின்னால் வரும் சங்கிலிக்கு இடம் கிடைப்பது கஷ்டம். இரண்டாவது வழியில், துகளின் மேல் விதை போல ஒரு தொடக்கப் புள்ளியை நட்டு, அங்கிருந்தே சங்கிலியைக் கண்ணி கண்ணியாக வளர்ப்பார்கள். பயிர் நெருக்கமாக வரும்.

எந்தச் சங்கிலியை ஒட்டுகிறோமோ அதன் குணம் துகளுக்கு வந்துவிடும். 32 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுருங்கும் ஒரு பாலிமர் இருக்கிறது. அதை ஒட்டினால் துகள் வெப்பத்துக்கு ஏற்ப நடந்துகொள்ளும். ஃபைசர், மாடர்னா கோவிட் தடுப்பூசிகளில் மருந்தைச் சுமந்த கொழுப்பு நானோ துகள்களின் மேலும் பெக் என்ற பாலிமர் சங்கிலிகள் இருந்தன. எரிபொருளை மிச்சப்படுத்தும் டயர்களில் சிலிக்கா துகளையும் ரப்பர் சங்கிலியையும் சிலேன் என்ற சிறு மூலக்கூறு பிணைக்கிறது. அங்கே பிடி நுனியில்தான் விழும் என்றில்லை, நடுவிலும் விழும். ஸ்டௌடிங்கர் மல்லுக்கட்டிய அதே ரப்பர்தான் அது.

தவறிய ஒன்று, தப்பாத ஒன்று

எல்லாவற்றிலும் அவர் சொன்னது சரியில்லை. பாலிமர் சங்கிலிகள் குச்சி மாதிரி விறைப்பாக இருக்கும் என்று நம்பினார். உண்மையில் கரைசலில் அவை நூல்கண்டு போலச் சுருண்டுதான் கிடக்கும் என்று வெர்னர் குன் போன்றவர்கள் காட்டினார்கள். துகளின் மேல் நெருக்கமாக ஒட்டும்போது மட்டும், சுருள இடமில்லாமல் சங்கிலிகள் நிமிர்ந்து நீள்கின்றன.

1919-ல், பாலிமர் சண்டை தொடங்குவதற்கு முன்பே, அசைடும் பாஸ்பீனும் சேரும் ஒரு வினையை மேயர் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்டிருந்தார். 2000-ல் கேரொலின் பெர்டோசி அதையே மாற்றியமைத்து, உயிருள்ள செல்களின் மேல் விரும்பிய மூலக்கூறை ஒட்டும் வழியாக்கினார். பெர்டோசிக்கு 2022-ல் நோபல் கிடைத்தது.

ஒரு துகளின் மேல் எத்தனை சங்கிலிகள் ஒட்டின என்பதை ஆய்வகங்கள் இன்று எப்படிக் கண்டுபிடிக்கின்றன தெரியுமா? ஒட்டிய பொருளைச் சூடேற்றி, பாலிமர் எரிந்துபோனதால் குறைந்த எடையை அளக்கிறார்கள். அதை ஒரு சங்கிலியின் எடையால் வகுக்கிறார்கள். ஒரு சங்கிலிக்கென்று தனியாக எடை உண்டு என்பதைத்தான் 1920-களில் அவரால் யாரையும் நம்ப வைக்க முடியவில்லை.