முயலைத் துரத்திய நாய்கள், நாய்களைத் துரத்திய கூட்டம்: பிரிட்டனையே பித்துப் பிடிக்க வைத்த கிரிட்ச்லி யார்?

1926 ஜூலை 24, சனிக்கிழமை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பெல் வ்யூ என்ற இடத்தில் புத்தம் புதிய மைதானம் ஒன்று திறக்கப்படுகிறது. கால்பந்துக்காக அல்ல, கிரிக்கெட்டுக்காகவும் அல்ல. நாய்கள் ஓடுவதற்காக! வந்திருந்த கூட்டம் சுமார் 1,700 பேர்தான். மைதானத்தின் அளவுக்கு அது ரொம்பக் குறைவு. பணம் போட்டவர்களுக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஆனால் அடுத்த ஆண்டே நாய்ப் பந்தயம் பார்க்க பிரிட்டன் முழுவதும் சுமார் 55 லட்சம் டிக்கெட்டுகள் விற்றன. 1928-ல் அது 1.3 கோடியைத் தாண்டியது. இதன் பின்னணியில் இருந்தவர்களில் முக்கியமானவர் ஒரு முன்னாள் ராணுவ அதிகாரி. பெயர் ஆல்ஃபிரட் செசில் கிரிட்ச்லி.

யார் இவர்? நாய் ஓடுவதைப் பார்க்க ஏன் இவ்வளவு கூட்டம்? அதே பந்தயத்தை நாடாளுமன்றம் வரைக்கும் ஏன் எதிர்த்தார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த கிரிட்ச்லி?

கிரிட்ச்லி பிறந்தது 1890-ல், கனடாவின் கால்கரி பகுதியில். சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்டார். படிப்பு முடிந்ததும் கனடாவின் லார்டு ஸ்ட்ராத்கோனா குதிரைப்படையில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் போர்முனையில் இருந்தார், வீரப் பதக்கமும் வாங்கினார். புது வீரர்களுக்குப் பயிற்சி கொடுப்பதில் கெட்டிக்காரர் எனப் பெயர் எடுத்ததால், 1918-ல் புதிதாக உருவான விமானப்படையின் பயிற்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது. முப்பது வயதுக்கு முன்பே பிரிகேடியர் ஜெனரல்! அந்தப் பதவியில் அப்போது இருந்த மிக இளையவர்களில் இவரும் ஒருவர்.

போர் முடிந்தது. பதவி போனது, பட்டம் மட்டும் மிஞ்சியது. மத்திய அமெரிக்கா, பிரிட்டன் எனப் பல இடங்களில் தொழில் செய்து பார்த்தார். அந்த நேரத்தில்தான் சார்லஸ் மன் என்ற அமெரிக்கர் ஒரு யோசனையோடு பிரிட்டனுக்கு வந்தார். அந்த யோசனையின் பெயர் மின்சார முயல்.

மின்சார முயல் எப்படி வந்தது?

கிரேஹவுண்ட் என்பது மோப்பம் பிடித்து அல்ல, கண்ணால் பார்த்துத் துரத்தி வேட்டையாடும் நாய். ஒல்லியான உடல், நீண்ட கால்கள், அசாத்திய வேகம். இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக இரண்டு கிரேஹவுண்டுகளை அவிழ்த்துவிட்டு உயிருள்ள முயலைத் துரத்த விடுவார்கள். எந்த நாய் சாமர்த்தியமாகத் துரத்துகிறது என்று நடுவர் மதிப்பெண் போடுவார். இதற்கு 'கோர்சிங்' என்று பெயர். நடப்பது பெரும்பாலும் பண்ணை நிலங்களில். முயலின் கதி? பல நேரம் நாயின் வாயில்தான்.

உயிர் முயலுக்குப் பதில் பொம்மை முயலை ஓடவிட்டால் என்ன என்று 1876-லேயே லண்டன் அருகே ஹெண்டனில் முயற்சி செய்தார்கள். 400 கஜம் நேர்கோட்டுப் பாதை. கயிற்றைச் சுற்றி இழுத்தால் பொம்மை முயல் ஓடும். ஆனால் நேர்ப்பாதையில் எது வேகமான நாயோ அதுதான் எப்போதும் ஜெயிக்கும். அதில் என்ன விறுவிறுப்பு? அந்த முயற்சி நிலைக்கவில்லை.

பிறகு அமெரிக்காவின் ஓவன் பாட்ரிக் ஸ்மித் இதை வேறு விதமாக யோசித்தார். முயல்கள் கொல்லப்படுவது அவருக்குப் பிடிக்கவில்லை. தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓடும் பொம்மை முயல், அதைச் சுற்றி நீள்வட்டப் பாதை. 1919-ல் கலிபோர்னியாவின் எமரிவில் நகரில் அவரது பந்தயத் தடம் செயல்பாட்டுக்கு வந்தது. வளைவுகள் வந்ததும் ஆட்டமே மாறியது. வேகம் மட்டும் போதாது. திரும்பும்போது இடிபடாமல், வெளியே தள்ளப்படாமல் வர வேண்டும். எந்த நாய் ஜெயிக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. சூதாட்டத்துக்கு வேண்டியதும் அதுதானே!

இந்த உரிமையைத்தான் சார்லஸ் மன் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். கோர்சிங் உலகில் பெயர் பெற்ற மேஜர் லைன் டிக்ஸன் அவருடன் சேர்ந்தார். இருவரும் பணம் போட ஆள் தேடி அலைந்தபோது கிடைத்தவர்தான் கிரிட்ச்லி. அவர் சர் வில்லியம் ஜென்டிலை அழைத்து வந்தார். எல்லோரும் சேர்ந்து திரட்டியது 22,000 பவுண்டு. அதில் உருவானதுதான் 'கிரேஹவுண்ட் ரேசிங் அசோசியேஷன்'.

வேலைநிறுத்த ஆண்டில் ஒரு சூதாட்டம்

அவர்கள் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பாருங்கள். 1926 மே மாதம் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம். ஒன்பது நாள் நாடே ஸ்தம்பித்தது. அது முடிந்த பிறகும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வேலையும் கூலியும் இல்லாமல் இருந்தார்கள். இப்படி ஒரு கோடையில், அதுவும் தொழிலாளர்கள் நிறைந்த மான்செஸ்டரில், பந்தய மைதானம் திறப்பது துணிச்சலா, பைத்தியக்காரத்தனமா?

முதல் நாளின் முதல் பந்தயம் 440 கஜம். மிஸ்ட்லி என்ற நாய் ஜெயித்தது. எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்தது. கூட்டம் குறைவுதான். ஆனால் வந்தவர்கள் ஊருக்குள் போய்ப் பேசினார்கள். வாய்வழியாகவே விஷயம் பரவியது. சில வாரங்களிலேயே கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. அந்த ஒரே சீசனில், தோற்றுப்போகும் என்று பலர் நினைத்த தொழில், லாபம் தரும் தொழிலாகிவிட்டது.

இத்தனை கூட்டம் வந்தது ஏன்?

இதற்கு விடை நாயிடம் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 1906-ல் வந்த தெருப் பந்தயத் தடைச் சட்டப்படி, தெருவில் நின்று ரொக்கமாகப் பந்தயம் கட்டுவது குற்றம். பிடிபட்டால் அபராதம். ஆனால் வசதியானவர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. புக்கியிடம் கணக்கு வைத்து, கடனுக்குப் பந்தயம் கட்டலாம். அது சட்டப்படி சரி! கையில் ரொக்கம் மட்டுமே வைத்திருக்கும் தொழிலாளி சட்டத்துக்கு உட்பட்டுப் பந்தயம் கட்ட வேண்டுமென்றால், நேராகப் பந்தய மைதானத்துக்கே போக வேண்டும். குதிரைப் பந்தயமோ பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பகல் நேரத்தில், வேலை நாளில் நடந்தது. அன்றைய கூலியை விட்டுவிட்டு யார் போவார்?

கிரிட்ச்லி குழுவினர் பிடித்தது இந்த இடைவெளியைத்தான். மைதானம் ஊருக்குள்ளேயே, டிராமில் போய்விடும் தூரத்தில். பந்தயம் மாலையில், விளக்கு வெளிச்சத்தில், ஆலைச் சங்கு ஊதிய பிறகு. டிக்கெட்டும் கைக்கு அடங்கிய விலை. ஒரு பந்தயம் சுமார் 30 விநாடி. கொஞ்ச நேர இடைவெளியில் அடுத்தது. ஒவ்வொரு நாய்க்கும் தனி நிறத்தில் மேல்சட்டை என்பதால், நாயைப் பற்றி எதுவுமே தெரியாதவரும் தன் நாயை அடையாளம் கண்டு கத்தலாம். பணக்காரருக்கு ஏற்கெனவே இருந்த ஒரு வசதி, முதல்முறையாக ஏழையின் வீட்டுக்கு அருகில் வந்தது.

லண்டனைப் பிடித்த நாய்ப் பந்தயம்

1927-ல் கிரிட்ச்லியின் நிறுவனம் லண்டனுக்குள் நுழைந்தது. 1908 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய ஒயிட் சிட்டி மைதானம் அப்போது பாழடைந்து கிடந்தது. அதைச் சீரமைத்து ஜூன் 20-ம் தேதி திறந்தார்கள். அதே ஆண்டு ஹாரிங்கே, பர்மிங்காமின் ஹால் க்ரீன், எடின்பரோவின் பவுடர்ஹால் என வரிசையாக மைதானங்கள் வந்தன. அக்டோபரில் ஒயிட் சிட்டியில் முதல் 'கிரேஹவுண்ட் டெர்பி'. என்ட்ரி பேட்ஜ் என்ற நாய் கோப்பையை வென்றது.

போட்டியாளர்களும் சும்மா இருக்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் நாட்டில் ஏறத்தாழ 40 தடங்கள். இன்று கால்பந்து ரசிகர்கள் கொண்டாடும் வெம்ப்ளி மைதானம்கூட அப்போது பணமில்லாமல் தவித்தது. 1927 இறுதியில் அங்கே தொடங்கிய நாய்ப் பந்தயம்தான் அதற்குக் கை கொடுத்தது.

1929 சீசன்: நட்சத்திரமான ஒரு நாய்

பந்தயத்துக்குக் கூட்டம் வந்தாச்சு. ஒரு நாயகன் வேண்டாமா? அவன் அயர்லாந்திலிருந்து வந்தான். பெயர் மிக் தி மில்லர். 1926-ல் பிறந்த இந்த நாயின் உரிமையாளர் மார்ட்டின் பிராஃபி என்ற பங்குத்தந்தை. குட்டியாக இருந்தபோது டிஸ்டெம்பர் நோய் வந்து, சாவின் விளிம்புவரை போய் மீண்ட நாய் அது.

1929-ல் ஒயிட் சிட்டி டெர்பியின் முதல் சுற்றில் 525 கஜத்தை 29.82 விநாடியில் ஓடியது மிக். அந்த தூரத்தை 30 விநாடிக்குள் எந்த நாயும் அதற்கு முன் ஓடியதில்லை. மைதானத்திலேயே ஏலம் போல விலை பேசப்பட்டு, 800 கினிக்கு ஒரு புக்கி வாங்கிவிட்டார். அன்றைய தொழிலாளிக்கு அது பல வருடக் கூலி! அந்த ஆண்டு டெர்பியை மிக் வென்றது. 1930-லும் வென்றது. தொடர்ச்சியாக 19 பந்தயங்களில் வெற்றி.

1931 டெர்பி இறுதிப் போட்டியிலும் மிக்தான் முதலில் வந்தது. ஆனால் இன்னொரு நாய் குறுக்கிட்டதால் அந்த ஓட்டம் செல்லாது என அறிவிக்கப்பட்டது. கூட்டம் கொதித்துப் போனது. மறுபடி ஓடவிட்டபோது வயதான மிக்கால் முடியவில்லை. செல்டம் லெட் என்ற நாய் ஜெயித்தது. அதே ஆண்டு வெம்ப்ளியில் செயின்ட் லெஜர் கோப்பையை வென்று மிக் ஓய்வு பெற்றது. பிறகு சினிமாவிலும் நடித்தது! 1939-ல் இறந்த அதன் உடல் பாடம் செய்யப்பட்டு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

எதிர்ப்பு கிளம்பியது ஏன்?

ஒரு பக்கம் கொண்டாட்டம் என்றால், இன்னொரு பக்கம் தேவாலயங்களும் சூதாட்ட எதிர்ப்பு அமைப்புகளும் கொதித்தன. வாரக்கூலி வீட்டுக்குப் போகாமல் மைதானத்தில் கரைகிறது, அடுப்பு எரிவது நிற்கிறது என்பதுதான் அவர்களது வாதம். நாவலாசிரியரும் எம்.பி.யுமான ஜான் பக்கன், தடங்களுக்கு அனுமதி தரும் அதிகாரத்தை உள்ளாட்சிகளிடம் கொடுக்க வேண்டும் என 1928-ல் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

எதிர்த்தவர்களின் கவலையில் உண்மை இருந்தது. ஆனால் ஒரு முரணும் இருந்தது. குதிரைப் பந்தயத்தில் பிரபுக்கள் பணத்தைக் கொட்டியபோது இவ்வளவு பெரிய கூச்சல் எழவில்லை. தொழிலாளி வரிசையில் நின்றபோதுதான் அது நாட்டின் பிரச்சினையானது.

கிரிட்ச்லி தரப்பின் பதில், ஒழுங்குமுறை. நாய்ப் பந்தயத்துக்கென தேசிய அமைப்பு உருவாக்கப்பட்டு, விதிகள் எழுதப்பட்டன. ஒரு நாயின் பெயரில் இன்னொரு நாயை ஓடவிடும் மோசடியைத் தடுக்க, ஒவ்வொரு நாய்க்கும் உடல் அடையாளங்களைக் குறித்த பதிவேடு வந்தது. ராணுவத்தில் ஆட்களைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்தவருக்கு இது பழக்கப்பட்ட வேலை.

நாடாளுமன்றத்தில் கிரிட்ச்லி

அடுத்த சண்டை 'டோட்' பற்றியது. எல்லோரும் கட்டிய பணத்தை ஒன்றாகச் சேர்த்து, ஒரு பகுதியை நிர்வாகம் எடுத்துக்கொண்டு, மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம்தான் டோட். குதிரைப் பந்தயத்தில் இதற்கு 1928-லேயே சட்ட அனுமதி கிடைத்தது. நாய்த் தடங்களில் மட்டும் இது செல்லாது என நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுபடியும் அதே கதை, இல்லையா? குதிரைக்கு ஒரு சட்டம், நாய்க்கு ஒரு சட்டம்.

கிரிட்ச்லிக்கு அரசியல் ஆசையும் இருந்தது. 1931-ல் கிழக்கு இஸ்லிங்டன் இடைத்தேர்தலில் நின்று லேபர் வேட்பாளரிடம் தோற்றார். 1934 ஜூனில் ட்விக்கன்ஹாம் இடைத்தேர்தலில் கன்சர்வேட்டிவ் வேட்பாளராக ஜெயித்து எம்.பி. ஆனார். அதே ஆண்டு பந்தயம் மற்றும் லாட்டரிச் சட்டம் நிறைவேறியது. உரிமம் பெற்ற நாய்த் தடங்களில் டோட் வைக்கலாம். ஆனால் ஆண்டுக்கு 104 நாட்கள் மட்டுமே பந்தயம் கட்ட அனுமதி. எதிர்ப்பாளர்களுக்கும் பாதி வெற்றி, மைதானக்காரர்களுக்கும் பாதி வெற்றி. கிரிட்ச்லி மறு ஆண்டுடன் நாடாளுமன்றத்திலிருந்து விலகினார்.

கடைசிக் காலம்

1938-ல் புகழ்பெற்ற கோல்ஃப் வீராங்கனை டயானா ஃபிஷ்விக்கை மணந்தார். அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போர். பழைய வேலைக்கே திரும்பி, விமானப்படையில் புது வீரர்களுக்கான ஆரம்பப் பயிற்சியைக் கவனித்தார். 1943 முதல் 1946 வரை பிரிட்டனின் அரசு விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் தலைமை இயக்குநர். ஆனால் 1950-களில் நோய் அவரது பார்வையைப் பறித்தது. நாய்கள் பாய்வதைப் பார்க்க லட்சக்கணக்கானோரை வரவழைத்தவர், கடைசி வருடங்களை இருட்டில் கழித்தார். தன் வாழ்க்கைக் கதையை 1961-ல் வெளியிட்டார். 1963-ல் காலமானார்.

அதே 1961-ல்தான் பிரிட்டனில் தெருவுக்குத் தெரு பந்தயக் கடைகள் சட்டப்படி திறந்தன. இனி ரொக்கமாகப் பந்தயம் கட்ட மைதானத்துக்குப் போக வேண்டியதில்லை. எந்தச் சட்டத்தின் இடைவெளி நாய்ப் பந்தயத்துக்குக் கூட்டம் சேர்த்ததோ, அந்த இடைவெளி அடைபட்டதும் கூட்டம் கரையத் தொடங்கியது. ஒயிட் சிட்டி 1985-ல் இடிக்கப்பட்டது. எல்லாம் தொடங்கிய பெல் வ்யூவில் 2020-ல் பந்தயம் நின்றது.

இப்போது கேள்வி நாயின் பக்கம் திரும்பியிருக்கிறது. மின்சார முயல் வந்ததால் முயல்கள் தப்பின. ஆனால் வளைவுகளில் இடித்து விழும் நாய்களுக்கும், வேகம் குறைந்ததும் வேண்டாதவையாகிவிடும் நாய்களுக்கும் யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை முன்வைத்துத்தான் 2024 டிசம்பரில் நியூசிலாந்து அரசும், 2025 பிப்ரவரியில் வேல்ஸ் அரசும் கிரேஹவுண்ட் பந்தயத்துக்கு முடிவு கட்டப்போவதாக அறிவித்தன.