ஒரங்கியின் சந்துகளில் நடந்த அக்தர் ஹமீத் கான்

நம் வீட்டுக்குள் எவ்வளவு சுத்தம் பார்த்தாலும், வாசலைத் தாண்டியதும் சாக்கடை ஓடினால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நோய் வரத்தான் செய்யும். தெருவைச் சுத்தமாக வைத்திருப்பது யாருடைய பொறுப்பு? நகராட்சியா, அரசாங்கமா, தெருவில் குடியிருக்கும் நாமா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே தன் வாழ்நாளின் கடைசி 19 ஆண்டுகளைச் செலவிட்டவர் அக்தர் ஹமீத் கான். பாகிஸ்தானின் கராச்சி நகரில், ஒரங்கி என்ற ஏழைக் குடியிருப்பில் அவர் செய்த பணியை இன்றும் உலகின் பல நாடுகளில் நகரமைப்பு படிக்கும் மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். அந்தப் பணியைத் தொடங்கும்போது அவருக்கு வயது 65-ஐத் தாண்டியிருந்தது.

ஆக்ராவிலிருந்து ஐ.சி.எஸ். வரை

அக்தர் ஹமீத் கான் 1914 ஜூலை 15 அன்று ஆக்ராவில் பிறந்தார். தந்தை காவல்துறை ஆய்வாளர். தாய் மஹ்மூதா பேகம் வாசிப்பில் ஈடுபாடு கொண்டவர். மவ்லானா ஹாலி, அல்லாமா இக்பால் ஆகியோரின் எழுத்துகளை மகனுக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே. சூஃபி மகான்களின் எளிய வாழ்க்கையின் மீது கானுக்கு இருந்த பற்று தாயின் மடியில் தொடங்கியது.

1936-ல் ஐ.சி.எஸ். பணிக்குத் தேர்வானார். பயிற்சிக்காக இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் படித்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் ஓர் இந்திய இளைஞன் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவி அது. 1940-ல் கக்ஸார் இயக்கத்தின் நிறுவனர் அல்லாமா மஷ்ரிகியின் மகளை மணந்தார். கிழக்கு வங்காளத்தில் அதிகாரியாகப் பணிபுரிந்தார்.

அப்போதுதான் 1943-ன் வங்காளப் பஞ்சம் வந்தது. இலட்சக்கணக்கான மக்கள் பசியால் மடிந்தார்கள். பஞ்சத்தை ஆங்கிலேய அரசு கையாண்ட விதத்தை அதிகாரியாக அருகிலிருந்து பார்த்த கானால் அந்த நாற்காலியில் தொடர்ந்து அமர முடியவில்லை. 1945-ல் பதவியைத் துறந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்தது உறவினர்களையும் நண்பர்களையும் திகைக்க வைத்தது. அலிகர் அருகே ஒரு கிராமத்துக்குச் சென்று கூலித் தொழிலாளியாகவும், பூட்டு செய்யும் தொழிலாளியாகவும் சுமார் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். உழைத்துச் சாப்பிடுபவனின் வாழ்க்கையை அவனுடைய இடத்தில் நின்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர் எண்ணம். பின்னர் டெல்லி ஜாமியா மில்லியாவில் ஆசிரியராக இருந்தார். 1950-ல் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார்.

கொமில்லா தந்த பெயரும் பாடமும்

அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் கொமில்லா விக்டோரியா கல்லூரியின் முதல்வராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1959-ல் கொமில்லாவில் கிராம வளர்ச்சிக்கான பயிற்சி நிறுவனத்தை உருவாக்கினார். சிறு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்வது, சிறு சேமிப்பு, பாசனம், அதிகாரிகள் விவசாயிகளிடம் நேரடியாகப் பேசிப் பயிற்சி அளிப்பது என அமைந்த அத்திட்டம் கொமில்லா முறை என்று பெயர் பெற்றது. 1963-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஆனால் அந்த வெற்றி நீடிக்கவில்லை. அரசாங்கம் திட்டத்தை வேகமாக நாடு முழுவதும் விரிவுபடுத்தியபோது, மானியமும் கடனும் வசதி படைத்தவர்களின் கைக்குப் போயின. பல சங்கங்கள் பெயரளவில் நின்றன. 1971-ல் வங்கதேசம் பிரிந்தபோது கான் மேற்குப் பாகிஸ்தான் சென்றார். கொமில்லாவின் குறைகளை அவர் மறைக்கவில்லை, வெளிப்படையாக எழுதினார். வெளியிலிருந்து வரும் பணம் மக்களைச் சோம்பலாக்கும், வலுத்தவர்களுக்குத் தீனியாகும் என்ற பாடத்தை அவர் கற்றது அங்கேதான். இந்தப் பாடம் இல்லாமல் ஒரங்கி இல்லை.

ஒரங்கி எப்படி இருந்தது?

கராச்சியின் வடமேற்கில் உள்ளது ஒரங்கி. 1965-ல் அரசு சிறிய அளவில் மனை பிரித்துக் கொடுத்த இடம் அது. 1971-க்குப் பிறகு வங்கதேசத்திலிருந்து வந்த பிஹாரிகள், பஷ்தூன்கள், பஞ்சாபிகள், சிந்திகள், பலூச்சிகள், இந்தியாவிலிருந்து குடிபெயர்ந்த முஹாஜிர்கள் என எல்லோரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். தரகர்கள் அரசு நிலத்தை மனைகளாக்கி விற்றார்கள். மக்கள் தங்கள் சொந்தக் காசில் வீடு கட்டினார்கள். காலப்போக்கில் சுமார் 10 இலட்சம் பேர் வாழும் நகரமாகவே அது வளர்ந்தது.

வீடு இருந்தது, கழிவுநீர் போக வழி இல்லை. எடுப்புக் கக்கூஸ்களும், சீக்கிரமே நிரம்பிவிடும் உறிஞ்சுகுழிகளும்தான் இருந்தன. கழிவுநீர் சந்துகளில் ஓடியது. சுவர்களின் அடிப்பாகம் ஈரத்தில் ஊறியது. வயிற்றுப்போக்கும் டைஃபாய்டும் குழந்தைகளை வாட்டின. பட்டா இல்லாத குடியிருப்பு என்பதால் மாநகராட்சி கண்டுகொள்ளவில்லை.

1980-ல் பி.சி.சி.ஐ. வங்கியின் நிறுவனர் ஆகா ஹசன் ஆபிதி, ஒரங்கி மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கானை அழைத்தார். வந்ததும் அவர் கட்டடம் எழுப்பவில்லை. நிவாரணப் பொருள் வழங்கவில்லை. பல மாதங்கள் ஒரங்கியின் சந்துகளில் நடந்தார். டீக்கடையில் அமர்ந்தார். கொத்தனாரிடமும் நெசவாளியிடமும் பள்ளி ஆசிரியரிடமும் பேசினார். என்ன வேண்டும் என்று கேட்டார். கழிவுநீர், வேலை, மருத்துவம், கல்வி ஆகிய நான்கும்தான் எல்லோருடைய கவலையாக இருந்தன. அவற்றுள் முதலில் நின்றது கழிவுநீர்.

நான்கு தடைகள்

மக்கள் தாங்களாகவே ஏன் சாக்கடை அமைக்கவில்லை என்று ஆராய்ந்த கான் நான்கு தடைகளைக் கண்டார்.

முதலாவது மனத்தடை. பாதாளச் சாக்கடை என்பது அரசாங்கம் இலவசமாகச் செய்து தர வேண்டியது என்று மக்கள் நம்பினார்கள். அரசாங்கம் செய்யப்போவதில்லை என்பதை அவர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

இரண்டாவது பணத்தடை. மாநகராட்சி போடும் மதிப்பீட்டை ஏழைகளால் தாங்க முடியாது. கானும் அவருடைய குழுவினரும் அந்த மதிப்பீட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். காண்ட்ராக்டரின் இலாபம், மேல்செலவு, தேவைக்கு மீறிய வடிவமைப்பு ஆகியவை சேர்ந்து செலவைப் பல மடங்காக்கியிருந்தன. வடிவமைப்பை எளிமையாக்கினார்கள். மேன்ஹோல் வார்ப்பதற்கு இரும்பு அச்சுகள் செய்தார்கள். கழிப்பறைக்கும் சந்தில் பதிக்கும் குழாய்க்கும் சேர்த்து ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு சுமார் 1,000 ரூபாயாகக் குறைந்தது. வீட்டுக்காகக் கடன் வாங்கவும் தயாராக இருந்த குடும்பங்களால் இதைக் கொடுக்க முடிந்தது.

மூன்றாவது தொழில்நுட்பத் தடை. மட்டம் பார்ப்பது, சரிவு கணக்கிடுவது, கலவை போடுவது ஆகியவற்றை உள்ளூர் இளைஞர்களுக்கும் கொத்தனார்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். 1982-ல் கட்டடக்கலைஞர் ஆரிஃப் ஹசன் இணைந்தது இதற்குப் பெரும் பலமாயிற்று.

நான்காவது சமூகத் தடை. அண்டை வீட்டாரோடு சேர்ந்து செய்யாவிட்டால் சாக்கடை ஒரு வீட்டு வாசலோடு நின்றுவிடும். ஆனால் பல மொழி பேசும் மக்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை. எனவே கான் ஒரங்கி முழுவதையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. சுமார் 20 முதல் 30 வீடுகள் கொண்ட ஒரு சந்தை அலகாக எடுத்துக்கொண்டார். அந்த அளவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

ஒரு சந்து தயாராகும் விதம்

1981-ல் முதல் சந்துகளில் வேலை தொடங்கியது. முறை எளிமையானது. சந்து மக்கள் ஒன்றுகூடுவார்கள். தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் ஒரங்கி முன்னோடித் திட்ட அலுவலகத்திடம் உதவி கோருவார். திட்டப் பணியாளர்கள் வந்து அளந்து, வரைபடமும் செலவு மதிப்பீடும் தருவார்கள், கருவிகளையும் அச்சுகளையும் இரவல் கொடுப்பார்கள், மேற்பார்வையும் செய்வார்கள். பணம் மட்டும் தரமாட்டார்கள். மக்களின் பணத்தைத் தொடவும் மாட்டார்கள். வசூலும் கணக்கும் சந்துப் பொறுப்பாளர் கையில். தகராறு வந்தால் சந்துக்காரர்களே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் மக்கள் தலையில் கட்டிவிட்டு அரசு விலகிக்கொள்ளலாம் என்று கான் சொல்லவில்லை. பொறுப்பைத் தெளிவாகப் பிரித்தார். வீட்டுக் கழிப்பறை, சந்துச் சாக்கடை, பல சந்துகளை இணைக்கும் இடைக்குழாய் ஆகியவை மக்களுடைய கடமை. பெரிய கால்வாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் கடமை. ஒரங்கியின் நிலம் ஓடைகளை நோக்கிச் சரிந்திருந்ததால், மோட்டார் இல்லாமலே கழிவுநீர் இறங்கிப் போகும்படி குழாய்களைப் பதித்தார்கள்.

விமர்சனமும் வந்தது. ஏழைகளுக்குக் கிடைக்க வேண்டிய உரிமைக்கு அவர்களிடமே காசு கேட்பது நியாயமா என்றார்கள். குழாயிலிருந்து வரும் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடையில்தானே விழுகிறது என்றார்கள். இரண்டாவது கேள்வியில் உண்மை இருந்தது. மக்கள் தங்கள் பங்கை முடித்த பிறகும் அரசு தன் பங்கை முடிக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. ஆனால் ஓடை சீராகும் வரை குழந்தைகள் சாக்கடையில் விளையாடிக்கொண்டிருக்க முடியாது என்பதே கானின் நிலை.

1990-களின் முடிவுக்குள் 5,000-க்கும் மேற்பட்ட சந்துகளில் மக்கள் தங்கள் சொந்தச் செலவில் சாக்கடை அமைத்திருந்தார்கள். தாங்கள் பணம் கொடுத்துக் கட்டியது என்பதால் அடைப்பு வந்தால் தாங்களே எடுத்தார்கள். சந்து காய்ந்ததும் மக்கள் வீட்டைச் செப்பனிட்டார்கள்; பிள்ளைகள் வாசலில் விளையாடினார்கள். மலிவாகவும் உறுதியாகவும் வீடு கட்ட ஆலோசனை, பெண்களுக்கான தையல் மையங்கள், தடுப்பூசி விழிப்புணர்வு, தனியார் பள்ளிகளுக்கு உதவி, 1987 முதல் சிறுதொழில் கடன் எனத் திட்டம் விரிந்தது. ஒன்று வேர்பிடித்த பிறகே அடுத்தது தொடங்கியது.

சோதனைகள்

பாதை எளிதாக இருக்கவில்லை. 1986 டிசம்பரில் ஒரங்கியில் இனக்கலவரம் வெடித்துப் பலர் கொல்லப்பட்டார்கள். நேற்று வரை அண்டை வீட்டார்களாக இருந்தவர்கள் ஒருவரையொருவர் அஞ்சினார்கள். அந்தச் சூழலிலும் பணி நிற்கவில்லை.

கானுக்கும் தனிப்பட்ட சோதனை வந்தது. ஒரு பேட்டியையும், குழந்தைகளுக்காக எழுதிய ஒரு பாடலையும் காரணம் காட்டி அவர் மீது மத நிந்தனை வழக்குகள் தொடுக்கப்பட்டன. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். 75 வயதைத் தாண்டிய நிலையில் நீதிமன்றங்களுக்கு அலைய நேர்ந்தது. ஆனாலும் அவர் ஒரங்கியை விட்டுப் போகவில்லை.

1999 அக்டோபர் 9 அன்று, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் குடும்பத்தாரைக் காணச் சென்றிருந்தபோது அவர் மறைந்தார். வயது 85. அவருடைய ஜனாஸா கராச்சிக்குக் கொண்டுவரப்பட்டு, ஒரங்கியில் திட்ட அலுவலக வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. அவரிடம் பயின்ற கட்டடக்கலைஞர் பர்வீன் ரஹ்மான் பணியைத் தொடர்ந்தார். ஓடைகளையும் குடியிருப்புகளையும் வரைபடமாக்கி, அவற்றை அரசின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2013 மார்ச் 13 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழைகளின் நிலத்தையும் நீரையும் பதிவு செய்வதற்குக் கொடுக்க வேண்டிய விலை எவ்வளவு பெரியது என்பதை அந்த மரணம் காட்டியது.

நமக்கு என்ன பாடம்?

மஹல்லா என்ற சொல் நமக்கும் அவர்களுக்கும் பொதுவானது. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நம் பிள்ளைகளுக்கு மதரஸாவில் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பாதை நம் வீட்டு வாசலில் தொடங்குகிறது. கான் செய்ததில் பெரிய இரகசியம் எதுவும் இல்லை. முதலில் மக்களிடம் கேட்டார். செலவை உள்ளபடி கணக்கிட்டார். ஒரு சந்து அளவில் தொடங்கினார். நம்முடைய கடமை எது, அரசின் கடமை எது என்று கோடு போட்டார். நம் பங்கை முடித்துவிட்டுக் கேட்கும்போதுதான் அரசிடம் நம் குரல் எடுபடும்.

அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக. நம் மஹல்லாக்களில் இருக்கும் இளைஞர்கள் தங்கள் சந்திலிருந்து தொடங்கும் மனதை நமக்கும் தருவானாக.