முதல் தங்கம் தந்த சச்சின்

சித்தூர், திருப்பதி டீக்கடைகளில் சச்சின் என்றால் டெண்டுல்கர்தான். நாட்டுக்கு ஆசிய விளையாட்டின் முதல் தங்கத்தை வாங்கித் தந்தவரும் ஒரு சச்சின்தான். நீச்சல் வீரர் சச்சின் நாக்!

1920-ல் காசியில் பிறந்த வங்காளி. பத்து வயதில் போலீஸ் தடியடிக்குப் பயந்து கங்கையில் குதித்தவர், அங்கே நடந்த நீச்சல் போட்டியில் மூன்றாவதாக வந்தார் என்பார்கள். 1947 கலவரத்தில் காலில் குண்டு பாய்ந்தது. ஆனாலும் மறு ஆண்டே லண்டன் ஒலிம்பிக்கில் நீந்தினார். 1951 மார்ச், டெல்லி: 100 மீட்டர் பிரீஸ்டைலில் 1 நிமிடம் 4.7 விநாடியில் முதலிடம். அதன்பின் 2023 போட்டி வரை ஆசிய நீச்சல் பந்தயத்தில் நமக்கு வேறு தங்கமே இல்லை.

கிரிக்கெட் ஸ்கோருக்குத் தினமும் இடம் தரும் பத்திரிகைகள் (நாமும்தான்) இவரை மறந்தன. 1987-ல் காலமானார். தியான்சந்த் விருது 2020-ல் அறிவிக்கப்பட்டது.