மானிப்பாய் வைத்தியர் கிறீன்

இறக்கக்கண்டியிலிருந்து மருத்துவ பீடம் போன நம் எல்லோருக்கும் பழக்கமான சங்கடம் ஒன்றுண்டு. உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, முதலாம் ஆண்டில் ஆங்கில உடற்கூற்றியல் நூலைத் திறப்போம். ஒரு பக்கத்தைப் பிழையின்றிச் சத்தமாய் வாசித்துவிடுவோம். புத்தகத்தை மூடினால் நெஞ்சில் ஒன்றும் நில்லாது. வாசிப்பது வேறு, விளங்குவது வேறு. இந்த இடைவெளியில் தன் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் பணி யாழ்ப்பாணத்தோடு நின்றதால் நமது கரையில் அவர் பெயரை அறிந்தோர் குறைவு.

1822இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக வந்தார். மறு ஆண்டே மானிப்பாயில் நோயாளரைப் பார்த்துக்கொண்டு மாணாக்கருக்குக் கற்பிக்கவும் தொடங்கினார். பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் 1852இலேயே கட்டரின் உடலியல் நூலைத் தமிழில் அச்சேற்றினார். ஆங்கிலத்தில் கற்பிக்கும்போதே பிள்ளைகள் கையில் தமிழ் நூலொன்றும் இருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆசிரியராயிருக்கும் நம் தோழிகள் இதைக் கவனிக்கவேண்டும்.

இடையில் தாய்நாடு சென்று 1862இல் திரும்பியவர், 1864இல் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விட, கிராமத்து நோயாளிக்கு வைத்தியர் கிடைக்கவில்லை என்பது அவர் கண்ட குறை. இன்றும் தூரத்து ஊர்களில் வேலை செய்யும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மாணாக்கரையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார். புதுச்சொல் வேண்டியபோது முதலில் தமிழில் தேடுவார்; இல்லையென்றால் வடமொழி; அதுவும் உதவாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் வைப்பார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் என்ற நூற்பெயர்கள் நம் அம்மம்மாமாருக்கும் விளங்கும். கிறேயின் பெருநூல் 1872இல் மனுஷ அங்காதிபாதம் ஆனது. இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர். இதைக் கேட்டுச் சிரிக்காத மாணவி இருக்கமாட்டாள். அவர் ஆக்கிய சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. ஆங்கிலத்தை அறவே விட்டதும் சரியென்று நாம் சொல்லமாட்டோம்; புதிய ஆய்வுகள் அம்மொழியில்தானே வருகின்றன. ஆனால் ஈரல் அழற்சி என்றால் என்னவென்று முதலில் தமிழில் பேசி, உடலில் ஈரல் இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டி, அதன் பின் ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தால் பிள்ளையின் முகம் தெளிகிறது. அகராதியோடு சொல்சொல்லாய் மல்லுக்கட்டிய நமக்கு இந்த வழியை அன்று யாரும் சொல்லித்தரவில்லை.

அவரிடம் பயின்று வைத்தியரானோர் 60 பேருக்கு மேல். 1873இல் ஊர் திரும்பிய பின்னும் தமிழ் வேலையை விடவில்லை. டால்ரனின் உடற்றொழிலியல் நூல் மனுஷ சுகரணம் என்ற பெயரில் 1883இல் வெளிவந்தது. அப்போது அவர் யாழ்ப்பாணத்தை விட்டுப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு மே மாதம் காலமானார்.